ஞாயிற்றுக்கிழமை வராத கப்பல்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரோடா எங்கள் ஊர் விழாக் கமிட்டியின் செயலாளர். விழா மலரில் இரண்டு பக்கம் காலியாக இருந்தது. விளம்பரம் தருவதாகச் சொன்ன சோப்பு வியாபாரி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். “நீதான் ஏதாவது எழுதிக்கிட்டே இருப்பியே, ஒரு கதை குடு” என்றாள் ரோடா. ஆக, நீங்கள் இப்போது சோப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள்.

விழாவின் பெயர் எரிகப்பல் விழா. போர்ட் ஆர்டோ என்கிற இந்த மீன்பிடி ஊருக்கு நான் வந்த முதல் வாரத்திலேயே என்னிடம் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். இலையுதிர்காலத்தில், இருட்டிய பிறகு, கடலில் தூரத்தில் மூன்று பாய்மரமும் பற்றி எரிய ஒரு கப்பல் தெரியும். கிட்டே போனால் மறைந்துவிடும். அதைப் பார்த்த பிறகு மூன்று நாளைக்கு யாரும் படகை இறக்கக் கூடாது. ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதி, பார்த்தவர்களின் சொந்தக்காரர்கள். முப்பது வருடமாக இங்கே கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. “கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோ” என்பார்கள், நான் போட்டுக்கொடுத்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே.

“ஞாயித்துக்கிழமை மட்டும் வராது” என்பாள் ரோடா. “எங்க ஊர்ப் பேய்க்குக்கூட ஓய்வுநாள் தெரியும்.” அப்புறம் கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொள்வாள்: “ஒரே ஒரு தடவை வந்திருக்கு. ரொம்ப காலம் முன்னாடி. எங்க மக்ரே குடும்பத்து வீட்டு ஜன்னல்லேருந்துதான் பார்த்தாங்க. ஸ்கோரா தீவு மேலயே நின்னு எரிஞ்சுதாம்.” நான் சிரித்து, இன்னொரு ஓட்ஸ் ரொட்டி எடுத்துக்கொள்வேன்.

போன கோடையில் அந்த ஸ்கோரா தீவுக்கு ஒரு பிக்னிக் படகில் போனேன். போகும்போது வாந்தி, வரும்போது வாந்தி. நடுவில் தீவின் மேட்டில் ஏறியபோது ஒரு வளையமாகக் கருகிய கற்கள் கிடந்தன. பாசி ஏறிப்போன பழைய கற்கள். முன்பு வந்த பிக்னிக்காரர்கள் வேலையாக இருக்கும் என்றார் படகோட்டி. இருக்கலாம். ஆனால் நான் கதை எழுதுகிறவன், ஒரு கல்லைக்கூடச் சும்மா விடமாட்டேன்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: ரோடாவுக்குத் தமிழ் தெரியாது. நான் இதைத் தமிழில் எழுதி, அவள் சமைக்கும்போது வாய்மொழியாக மாற்றிச் சொல்கிறேன்; மலருக்கு அவள் அதைப் பிறகு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வாள். இதில் எல்லாரும் தமிழில் பேசுவது நான் மாட்டிவிட்ட கண்ணாடி. பவர் கொஞ்சம் முன்பின் இருக்கும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

வானம் கறுத்தது. அலைகள் மலைமலையாக எழுந்து, அந்தக் கப்பலை ஒரு—

[கைவிடப்பட்டது. மலைமலையான அலையை நான் பார்த்ததில்லை. அக்கரைக்குக் கார்களை ஏற்றிப்போகிற படகில் கழிப்பறையின் உட்புறத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.]

இரண்டாம் முயற்சி:

கேப்டன் தன் வெண்தாடியை நீவியபடி அடிவானத்தை நோக்கினார். அவர் கண்களில்—

[இந்தக் கேப்டன் எங்கள் மீன் கடைக் காலண்டரில் இருக்கிறவர். அடுத்த வரியிலேயே அவரை மூழ்கடித்துவிட்டேன். வருத்தப்படாதீர்கள், அவருக்குக் குடும்பம் எதுவும் நான் எழுதவில்லை.]

மூன்றாவது:

நீராவிக் கப்பல்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஒரு நவம்பர் மாதம், பலகையும் உப்புக் கண்டமும் ஏற்றிக்கொண்டு வந்த ‘மார்னா’ என்ற பாய்க்கப்பல் ஸ்கோரா தீவைச் சுற்றியுள்ள பாறைத்திட்டில் மோதி உடைந்தது. மூன்று பேர் கரையேறினார்கள்.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

முதலாமவன் லாக்லன் மக்இன்னிஸ், போர்ட் ஆர்டோக்காரன். மாலுமி. வானம் தெளிந்தால் தீவின் மேட்டிலிருந்து அவனுடைய ஊரின் புகை தெரியும், அதில் அவன் வீட்டுப் புகையும் சேர்ந்திருக்கும். அங்கே அவன் மனைவி ஏஃபி இருக்கிறாள். இரண்டாமவர் சைலஸ், கப்பல் சமையல்காரர், ஐம்பது வயது, ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பிலிருந்து வந்தவர். மூன்றாமவர் டூசெட், பிரெஞ்சு பேசும் அக்கேடியர், கப்பலின் இரண்டாம் அதிகாரி. கப்பல் உடைந்த நிமிஷத்தோடு மாலுமிகளின் சம்பளம் நின்றுவிடும், சம்பளம் நின்றால் அதிகாரியின் அதிகாரமும் நின்றுவிடும். அந்தக் காலத்து வழக்கம் அது. ஆகவே டூசெட் இப்போது வெறும் டூசெட்.

(கப்பல் உடைந்த கதை என்றால் தொலைதூரத் தீவு வேண்டாமா, ஊர் தெரிகிற தீவைத் தருகிறானே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நடுவில் பனிக்கட்டியாய்க் குளிர்ந்த பன்னிரண்டு மைல் கடல். சுற்றிலும் பாறை, அதனால் மீன்படகுகள் அந்தப் பக்கமே வருவதில்லை. மூவரிடமும் படகு இல்லை. இதற்கு மேல் தொலைவு வேண்டுமென்றால் பசிபிக்கில்தான் போய்த் தேட வேண்டும், எனக்கு வயிறு தாங்காது.)

3

லாக்லனுக்குக் கரையேறிய அன்றே காய்ச்சல். உடைந்த கப்பலின் பலகைகளை மற்ற இருவரும் இழுத்து வந்து ஒரு குடிசை போட்டு அவனை உள்ளே கிடத்தினார்கள். பகலில் புகை எழுப்பிப் பார்த்தார்கள். நவம்பர் மூடுபனி புகையைத் தின்றுவிட்டது. இருட்டிய பிறகு தீ மூட்டினார்கள். மேட்டின்மேல், ஆள் உயரத்துக்கும் மேலே, கப்பலின் பாதியைப் போட்டு எரித்தார்கள். மூன்று இரவு.

யாரும் வரவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விட்டு லாக்லன் எழுந்து வெளியே வந்தான். சாம்பல் மேட்டைப் பார்த்தான்.

“இது என்னது?”

“தீ மூட்டினோம்” என்றார் டூசெட். “உங்க ஊரு கண்ணு முன்னாடிதானே இருக்கு. ஆனா ஒரு நாய்கூட வரல.”

“ராத்திரியா மூட்டினீங்க?”

“பின்ன, பகல் புகையை மூடுபனி தின்னுடுச்சு, ராத்திரி மூட்டாம பாட்டா பாடுவாங்க?”

லாக்லன் அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். “போச்சு” என்றான். “எல்லாம் போச்சு. அவங்க வரமாட்டாங்க. மூணு நாளைக்குப் படகே இறக்கமாட்டாங்க. நீங்க மூணு ராத்திரி மூட்டியிருக்கீங்க, அப்போ அதுக்கு மேல மூணு நாளு. மறுபடி மூட்டினா மறுபடி மூணு நாளு.”

“ஏன்டா?”

“எரிகப்பல்னு நினைப்பாங்க.”

டூசெட் அவன் பக்கம் திரும்பினார். “நீ கப்பல்ல தினம் அளந்துவிட்டியே, மூணு பாய்மரம், தலையில்லாத கேப்டன், அந்தக் கதையா?”

“தலையில்லாதது நான் சேர்த்தது” என்றான் லாக்லன். “மத்ததெல்லாம் நெசம். நானே ரெண்டு தடவை பார்த்திருக்கேன்.”

சைலஸ் சிப்பிகளைச் சூட்டில் வாய் பிளக்க வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்: “எந்தப் பக்கம் பார்த்த?”

“இந்தப் பக்கம்தான். இந்தத் தீவு மேல...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

 சிப்பி ஒன்று பட்டென்று திறந்தது.

“அப்போ நீ என்ன பண்ணின?” என்றார் சைலஸ்.

“எல்லாரும் பண்றதத்தான். படகை மேல இழுத்துக் கட்டிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்.”

[இந்த இடத்தில் ஒரு பெரிய வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். குற்றவுணர்வு, மானுடம், இருள் என்று மூன்று சொற்களும் அதில் இருந்தன. சைலஸ் அந்தச் சிப்பியை எடுத்து லாக்லனிடம் கொடுத்தார் என்று மட்டும் எழுதினால் போதும் என்று தோன்றுகிறது. கொடுத்தார். சாப்பிட்டான்.]

4

இப்போது இந்த மூவருக்கும் ஒரு வழி கண்டுபிடித்துத் தர வேண்டியது என் பொறுப்பு. ஒரு வாரம் யோசித்தேன். கடைக்கு வந்த ஒருவருக்கு வலது கண்ணின் பவரை இடது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்தேன். வழி கிடைத்தது எனக்கில்லை, லாக்லனுக்கு.

“ஞாயித்துக்கிழமை” என்றான்.

“என்ன ஞாயித்துக்கிழமை?”

“அன்னைக்கு அது வராது. ஊர்ல கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். ஞாயித்துக்கிழமை இங்க தீ எரிஞ்சா அது பேயில்ல, மனுஷன்தான்னு புரிஞ்சுக்குவாங்க. ஏஃபிக்குப் புரியும். கப்பல் வரவேண்டிய நாள் தாண்டிப்போச்சுன்னு அவளுக்குத் தெரியும்.”

டூசெட் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்க ஆளுங்க ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்குகூட உரிக்கமாட்டாங்களே! படகை இறக்குவாங்களா? எங்க ஊர்ல பூசை முடிஞ்சதும் வலையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவோம். கப்பல் உடையறதுக்கு உன் ஊர்தானா கெடைச்சுது.”

“அன்னைக்கு வராட்டியும் திங்கக்கிழமை விடிஞ்சதும் வருவாங்க” என்றான் லாக்லன். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

சிக்கல் இரண்டு. ஒன்று, விறகு. கப்பலின் பாதி ஏற்கெனவே சாம்பல். தீவில் முழங்கால் உயரத்துக்கு மேல் மரம் கிடையாது. பன்னிரண்டு மைல் தாண்டித் தெரியும்படி எரிய வேண்டுமென்றால் மிச்சம் இருப்பதெல்லாம் வேண்டும், குடிசையும் சேர்த்து. ஆக ஒரே ஒரு தீதான். அது வீணானால் பனி விழத் தொடங்கும்போது தலைக்கு மேலே வானம்தான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் கேவலமானது. இன்றைக்கு என்ன கிழமை என்று யாருக்கும் தெரியவில்லை.

“நான் கத்தியால கீறிக்கிட்டு வந்தேன்” என்றார் டூசெட். “ஆனா பலகையை எரிச்சுட்டோம்.”

“எந்தப் பலகையை?”

“கீறின பலகையை.”

சைலஸ் கெக்கலித்தார். “கிழமைக்கு என்னைக் கேளுங்க” என்றார். கப்பலில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சாப்பாடு. செவ்வாய்க்கிழமை பட்டாணிக் கஞ்சி, வெள்ளிக்கிழமை உப்பு மீன், வியாழனும் ஞாயிறும் உலர்திராட்சை போட்ட புட்டிங். கப்பல் உடைந்தும் சைலஸ் மட்டும் சமையலை நிறுத்தவில்லை. தினமும் சிப்பியைப் பரிமாறும்போது அன்றைய கிழமைக்கு உரிய சாப்பாட்டின் பெயரைச் சொல்லித்தான் பரிமாறுவார். “ஐயாமாரே, இன்னைக்குப் பட்டாணிக் கஞ்சி. அடிப்பிடிச்சதுன்னு யாராவது சொன்னீங்க, தட்டைப் பிடுங்கிடுவேன்.” அவர்கள் சிப்பியை மென்றுகொண்டே கஞ்சியைத் திட்டுவார்கள். முந்தைய நாள் உப்பு மீன் பரிமாறியிருந்தார்.

“அப்போ இன்னைக்கு சனி!” என்றான் லாக்லன். “நாளைக்கே மூட்டிடலாம்!”

சைலஸின் முகம் மாறிவிட்டது. அவர் மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்தார். கரண்டி என்றால் ஒரு குச்சி.

“ஒரு விஷயம்” என்றார். “உனக்குக் காய்ச்சல் ரொம்ப இருந்தப்ப, புட்டிங் வேணும் புட்டிங் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்த. அன்னைக்குப் புட்டிங் நாள் இல்ல. ஆனா நீ செத்துடுவேன்னு நெனச்சேன். அதனால புட்டிங்னு சொல்லிக் குடுத்தேன்.”

“சரி, அதனால என்ன?”

“அதுக்கு அடுத்த நாளைக்கு எத குடுத்தேன்னு ஞாபகம் இல்ல. புட்டிங்குக்கு அடுத்த நாள் வெள்ளியாவும் இருக்கலாம், திங்களாவும் இருக்கலாம். நான் எதைப் புடிச்சுக்கிட்டேனோ தெரியல, அதுலேருந்து எல்லாக் கிழமையும் தப்பா இருக்கலாம்.”

“யோவ், இல்லாத புட்டிங்க ஒழுங்கா பரிமாறத் தெரியல உனக்கு!” என்று டூசெட் கத்தினார்.

“கேட்டவன் இவன்தானே!”

“காய்ச்சல்காரன் கேட்டா குடுத்துடுவீங்களா?” என்றான் லாக்லன், அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் குளிர் இன்னும் அதிகமாக இருந்தது.

(நானும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டேன். கதையின் மொத்த எடையையும் ஒரு கற்பனைப் புட்டிங்கின் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். தேர்ந்த எழுத்தாளர் யாரும் இதைச் செய்யமாட்டார். ஆனால் சைலஸ் அந்தப் புட்டிங்கைக் கொடுத்திராவிட்டால் லாக்லன் செத்திருப்பான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை யோசனையும் வந்திருக்காது. திருப்பி எழுத மனம் வரவில்லை.)

இன்னொரு வழி இருந்தது: நல்ல வானிலையில் ஊர்ப் படகுகள் கடலில் இல்லாத நாள் எதுவோ அது ஞாயிறு. மேட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அருமையான வானிலை. ஒரு பாய்கூட இல்லை. மறுநாளும் அருமையான வானிலை, ஒரு பாய்கூட இல்லை. இவர்கள் மூட்டிய தீயைப் பார்த்துத்தான் ஊரே படகை இழுத்துக் கட்டியிருந்தது.

கடைசியில் வாக்கெடுத்தார்கள். டூசெட் ஒரு நாளைச் சொன்னார். லாக்லன் சைலஸைப் பார்த்தான். சைலஸ் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் எதையோ சுவைப்பதுபோல் நாக்கைச் சப்புக்கொட்டினார். ரொம்ப நேரம்.

“நாளன்னைக்கு” என்றார். “நாளன்னைக்குத்தான் புட்டிங்.”

அந்த நாள் அந்தி சாய்ந்ததும் குடிசையைப் பிரித்தார்கள். பலகை பலகையாக மேட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். டூசெட் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினார்.

5

இதுவரை எழுதியதை ரோடாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அதனால் கண்ணீர் எதனால் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“அடுத்து ஊர்ல என்ன நடக்குது?”

“ஏஃபி தீயைப் பார்க்கிறா. சபை மூப்பர் ஃபின்லே மக்ரே வீட்டுக்கு ஓடுறா. பெரிய படகு அவரோடதுதான். அவர் காது ரெண்டும் முறம் மாதிரி...”

கத்தி நின்றது. “மக்ரே?”

“சும்மா ஒரு பேரு.”

“அது எங்க அப்பா வீட்டுப் பேரு. அந்தக் காது எங்க அண்ணன் காது. விழா மலர்ல போட்டு எங்க குடும்பத்த நாறடிக்கப் போறியா?”

“அவர் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே.”

“நீ பண்ண வெப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?”

ஆகவே பெயரை எடுத்துவிட்டேன். இனி அவர் வெறும் மூப்பர். காதுகள் சாதாரண அளவு. அவர் முரடரும் இல்லை, முட்டாளும் இல்லை என்று இங்கேயே உறுதிமொழி கொடுக்கிறேன். அவருடைய தம்பி ஒரு இலையுதிர்காலத்தில் அந்தத் தீயைத் தேடிப் படகில் போனான். மூன்றாம் நாள் அவன் தொப்பி மட்டும் கரைக்கு வந்தது. அந்தத் தொப்பியை இன்னும் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்.

(இதை ரோடாவைச் சமாதானப்படுத்தத்தான் சேர்த்தேன். ஆனால் சேர்த்த பிறகு அவரை வெறுக்க முடியாமல் போய்விட்டது. கதைக்கு இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.)

6

ஓய்வுநாள் மாலை. போர்ட் ஆர்டோவில் தண்ணீர்கூட முந்தைய நாளே இறைத்து வைத்திருந்தார்கள். வீடு வீடாக வேதாகமத்துச் சங்கீதங்களை வாசிக்கும் சத்தம். ஏஃபி கதவைத் தட்டியபோது மூப்பரின் வீட்டில் வாசிப்பு நின்றது.

“மூப்பரே, ஸ்கோரா மேல தீ எரியுது.”

“பார்த்தேன். பார்த்துட்டுத் திரையைப் போட்டுட்டேன். நீயும் வீட்டுக்குப் போம்மா.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“என்ன கேள்வி இது?”

“சொல்லுங்க மூப்பரே.”

“ஓய்வுநாள்.”

“ஓய்வுநாள்ல அது வராதுன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நீங்க. நான் முன்வரிசையில உட்கார்ந்து கேட்டவ. அப்போ இது அது இல்ல. மனுஷங்க மூட்டின தீ. மார்னா இன்னும் வரல. என் புருஷன் அதுல இருக்காரு.”

மூப்பர் ஜன்னலருகே போனார். திரையை ஒரு விரல் அளவு விலக்கினார். தீ பெரிதாக, உயரமாக எரிந்துகொண்டிருந்தது. குடிசையும் அதில் எரிந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“உசுரக் காப்பாத்துற வேலைக்கு இன்னைக்கு விலக்கு உண்டு” என்றாள் ஏஃபி. “அதுவும் நீங்க சொன்னதுதான். உங்க படகைக் குடுங்க.”

“உசுரு இருந்தா விலக்கு உண்டு.”

“இருக்கு!”

“என் தம்பியும் இதே வாசல்ல நின்னு இதையேதான் சொன்னான், ஏஃபி. அங்க யாரோ இருக்காங்கன்னு சொன்னான்.” அவர் கண் கதவுக்குப் பின்னால் போய்த் திரும்பியது. “அது ஓய்வுநாள்ல வந்ததே இல்லதான். இத்தனை வருஷமா வரல. இன்னைக்கு வந்திருக்கு. நம்ம பாவம் அவ்வளவு பெருகிப்போச்சு.”

ஏஃபி அவரையே பார்த்தாள். சுவரில் முட்டிக்கொண்டதுபோல் இருந்தது அவளுக்கு. தீ எரியாவிட்டால் அங்கே யாரும் இல்லை. எரிந்தால் அது பேய். ஞாயிற்றுக்கிழமை எரிந்தால் பெரிய பேய்.

“அப்போ அவங்க என்னதான் பண்ணணும்?” என்று கேட்டாள். “அங்க இருக்கறவங்க. நீங்க நம்பறதுக்கு அவங்க என்ன பண்ணணும்?”

மூப்பர் திரையை மூடினார்.  அவள் கல் சரிவில் இறங்கிக் கரைக்கு ஓடினாள்.

7

முடிவுகள்.

அ) விழா மலருக்கு ஏற்றது. மூப்பர் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவருகிறார். ஊரே படகைத் தள்ளுகிறது. விடியற்காலையில் லாக்லன் ஏஃபியைக் கட்டிக்கொள்ள, சைலஸ் நிஜமான புட்டிங்கைச் சாப்பிட்டுவிட்டு “திராட்சை கம்மி” என்கிறார். இதைப் பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். பேனா இவ்வளவு சுகமாக ஓடினால் எனக்குப் பயம் வந்துவிடும்.

ஆ) மூன்று நாள் தடை முடிந்து வியாழக்கிழமை படகு போகிறது. அதற்குள் பனி விழுந்துவிட்டது. மேட்டில் கருகிய கல் வளையம். குடிசை இல்லை. வளையத்துக்கு நெருக்கமாக, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி, மூன்று—

[என்னால் முடியாது.]

இ) யாரும் போகவே இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று ரோடாவிடம் கேட்கப் போனேன். போகிற வழியில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், எனக்கு உறைத்தது. நான் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருப்பீர்கள். நானும்தான், முப்பது வருடமாக, வாயில் ஓட்ஸ் ரொட்டியோடு.

“ஒரே ஒரு தடவை ஞாயித்துக்கிழமை வந்திருக்கு.”

சைலஸ் சரியாகச் சொல்லிவிட்டார். நாக்கைச் சப்புக்கொட்டி, இல்லாத புட்டிங்கைச் சுவைத்து, சரியான நாளைக் கண்டுபிடித்துவிட்டார். தீ ஞாயிற்றுக்கிழமைதான் எரிந்தது. ஊர் பார்த்தது. யாராவது போய் அவர்களைக் கூட்டி வந்திருந்தால் இன்றைக்கு ஊரில் சொல்லப்படுவது மூன்று மாலுமிகளின் கதையாக இருந்திருக்கும். பேய் ஓய்வுநாளிலும் வந்தது என்ற கதையாக இருந்திருக்காது.

(கதாபாத்திரங்கள் நான் உண்டாக்கியவை. கற்கள் பிக்னிக்காரர்களுடையதாக இருக்கலாம். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க இந்த அடைப்புக்குறி போதவில்லை.)

ரோடாவிடம் சொன்னேன். ஏஃபி கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். இந்த வீடு அவள் அப்பா வீடு, அன்றைக்குத் தீயைப் பார்த்த ஜன்னலும் இதுதான். வெளியே கடல் மட்டும் இருந்தது.

“அது கதைதானே?” என்றாள், திரும்பாமல்.

“கதைதான்.”

“அந்தப் பொண்ணு இப்ப எங்க நிக்கறா?”

“கரையில. படகு மேல கையை வெச்சுக்கிட்டு. தனியா தள்ளிப் பார்க்கிறா, அசையல. பெரிய படகு. தள்ள நாலு பேர் வேணும், துடுப்பு போடவும் நாலு பேர் வேணும்.”

“தீ?”

“இன்னும் எரியுது. நான் அணைக்கல.”

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். பிறகு, “அப்போ என்னைப் போடு” என்றாள். “மக்ரேன்னே போடு. பேர மாத்தாத.”

போட்டுவிட்டேன். ரோடா மக்ரே கல் சரிவில் இறங்கி, ஏஃபிக்கு எதிர்ப்பக்கம் தோளைக் கொடுத்து நிற்கிறாள். அது இரண்டு. நானும் இறங்கிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது, படகு நகர்ந்த உடனே வாந்தி எடுப்பேன், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அது மூன்று.

பின்பக்கம், இடது ஓரத்தில், ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். தண்ணீர் முழங்கால் வரை வரும், சில்லென்று இருக்கும். ஏஃபி திரும்பிப் பார்க்கிறாள், உங்கள் பெயர் அவளுக்குத் தெரியாது.

“யாராவது வாங்களேன்” என்கிறாள்.